டோல்கேட்டில் தூக்காத கட்டை

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் பக்கம் ஒரு பாலத்து டோல்கேட்டில், சாலையை மறிக்கும் கட்டையைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தேன். ஒருநாள் மதியம் பாலத்துச் சரிவில் பருத்தி லாரி ஒன்று ஹாரன் அடித்தபடியே பாய்ந்து வந்தது.

“பிரேக் பிடிக்கல, கட்டையைத் தூக்கும் வே!” என்று டிரைவர் கத்தினார்.

சுங்கம் கட்டாமல் ஓடப் பார்க்கிறார் என்று நினைத்து, மூடிய கட்டைக்கு முன்னால் போய் நின்றேன். என் மேல் ஏற்றாமல் இருக்க, அவர் லாரியைச் சாலையோரப் புளியமரத்தின் பக்கம் ஒடித்தார். லாரி மரத்தில் மோதி நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நெஞ்சு நசுங்கிக் கிடந்தவர், “உமக்கு அடி ஒண்ணும் படலையே?” என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

போலீசிடம், லாரி வேகமாக வந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் கத்தியதைச் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

சாகும்போது அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட, இத்தனை வருஷத்தில் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.