அகச்சிவப்பில் விழுந்த முகம்

மன்னிக்கிற மனசு எனக்கு எப்போதும் கிடையாது. வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி ஆய்வகம் போய்ச் சேர்ந்த காலத்திலும் கிடையாது.

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி தின்று, குரூப் போட்டோ எடுப்போம். எனக்கு மூத்த ஆய்வு மாணவர் ஒருவர், எலுமிச்சை நிறம். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. நானோ நல்ல கறுப்பு. முதல் வருடம் நான் வரிசையில் போய் நின்றதும் தன் செல்போனை என் கையில் திணித்தார்.

“நீ எடு தாயி. நீ நின்னா போட்டோல விழ மாட்ட.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் இளித்துத் தொலைத்தேன். அதன்பின் வருடா வருடம் எடுப்பவள் நான்தான். ஒரு படத்திலும் நான் இல்லை.

என் ஆராய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் உணரி செய்வது. ஓர் அணு கனமே உள்ள, கிராஃபீன் என்னும் கார்பன் தாள். அதன்மேல் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய துகள்களின் பூச்சு. துகள்கள் ஒளியை வாங்கும், கிராஃபீன் அதை மின்சாரமாகக் கடத்தும். எத்தனையோ உணரிகள் வீணாய்ப் போனபிறகு ஒன்று வேலை செய்தது. அதை வைத்து ஒரு கேமரா கட்டினேன். சோதித்துப் பார்க்க என் கையையும், நல்ல சிவப்பான தோழி ஒருத்தியின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். திரையில் இரண்டும் ஒரே கரி. தோலில் இருக்கும் தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. நிறம் அதற்குப் பொருட்டில்லை; தண்ணீர் இல்லாத கறுப்பு முடிகூட அதில் வெளுத்துத்தான் தெரியும். நான் சிரித்த சிரிப்பில் தோழி பயந்துபோனாள்.

அந்த வருட ஆயுத பூஜையில் என் கேமராவுக்கும் குங்குமம் வைத்தார்கள். முதலில் யாரைப் படம் எடுக்கலாம் என்று எங்கள் பேராசிரியை கேட்டார். மூத்தவர் தலைவாரிக்கொண்டு தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. கேமரா புள்ளி புள்ளியாகத்தான் படத்தைச் சேர்க்கும். ஆடக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே அவரை வியர்க்க வைத்தேன்.

திரையில் உருவம் மெல்ல இறங்கியது. அடுப்புக்கரி முகம்; அதன்மேல் வெளுத்துப்போன முடி. பொரி தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. கேமரா கோளாறு என்றார் அவர்.

அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

“இப்ப நீங்க எடுங்கண்ணே. நான் விழுறேனான்னு பாப்போம்.”

எடுத்தார். அதே கரி, அதே வெளுத்த முடி. இரண்டு படத்தையும் பெரிதாக அச்சிட்டு ஆய்வகக் கதவில் ஒட்டினேன். கிழித்தார், மறுபடி ஒட்டினேன். வருகிறவர்கள் இதில் அவர் எது, நான் எது என்று கேட்பார்கள். அவரிடமே கேட்கச் சொல்வேன்.