வைஜிக்குக் கண்டாளா வந்த கதை

வைஜயந்தி எனக்கு அறிமுகமான அன்றே ஒரு டம்ளர் காபியை நஷ்டப்படுத்தினாள். மதுரையிலிருந்து பூனாவுக்கு வந்து, விஷ்ராந்த்வாடியில் இந்த ஹவுசிங் சொசைட்டியில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக் கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஒருத்தி வந்தாள்.

"தமிழா நீங்க? அப்பாடா, பகவான் கண்ணைத் திறந்தான்! சாயங்காலம் ஆச்சுன்னா எனக்குக் கண்டாளா வரும். அப்போ உங்காத்துக்கு வரட்டுமா?"

கண்டாளா என்று யாரோ ஒருத்தி தினமும் சாயங்காலம் இவளைத் தேடி வருவாள், அவளையும் இழுத்துக்கொண்டு வரப்போகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். புது ஊர், கெட்ட பேர் வேண்டாமே என்று மூன்று பேருக்குக் காபி கலந்து வைத்தேன். வைஜி தனியாக வந்தாள்.

"கண்டாளா வரலையாங்க?" என்று கேட்டேன்.

"உங்களைப் பாத்ததுமே போயிடுத்து" என்றாள்.

அடக் கடவுளே, எதிர்வீட்டில் ஒரு கிறுக்கா என்று நான் அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். கண்டாளா என்றால் மராத்தியில் சலிப்பு, போரடிப்பது என்று எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. வைஜியிடம் சொன்னால் அவள் சண்டைக்கு வந்தாள். அவள் பூனாவிலேயே, கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மாவும் கண்டாளா என்பாளாம், சித்தியும் கண்டாளா என்பாளாம், அப்புறம் எப்படி அது மராத்தி ஆகும்? "உங்க மதுரைல தமிழ் கொஞ்சம் கம்மியா இருக்கும்போல இருக்கு தர்மு" என்றாள். சங்கம் வைத்து வளர்த்த ஊர்க்காரியிடம் சொல்கிற பேச்சா இது?

ஆனால் அவளுக்குச் சாயங்காலமானால் சலிப்பு வந்தது என்னவோ நிஜம். காரணம் அவள் வீட்டுக்காரர் மகாதேவன் சார். ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை. தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. தங்கம் பேசுமா? அவரும் பேச மாட்டார். ஐந்தரைக்கு வருவார், சைக்கிளைப் பூட்டுவார், காபி குடிப்பார், நாற்காலியில் உட்கார்வார். அரச மரத்தடிப் பிள்ளையாராவது சதுர்த்திக்கு ஒரு நாள் அலங்காரம் மாறி இருப்பார். இவர் அதுவும் கிடையாது. வைஜியோ பத்துப் பேர் பேச வேண்டியதை ஒருத்தியாகப் பேசுகிறவள். அவள் சிரித்தால் எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் அதிரும். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்த ஜோசியன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கார்த்திகையில், நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு வைஜி தனியாகச் சென்னைக்குப் போனாள். சாருக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள், யாரோ உறவுக்காரர் அவளை ஒரு டிவி ஷூட்டிங்குக்குக் கூட்டிப் போனார். 'வாயாடலாம் வாங்க' என்று ஒரு அரட்டை நிகழ்ச்சி. அதற்கு வைஜி போகாமல் வேறு யார் போவது? அன்றைய தலைப்பு, வெளியூர் வாழ்க்கை வரமா வம்பா. கோட்டுப் போட்ட தொகுப்பாளர் ஒருவர் மைக்கை நீட்டிக்கொண்டே வந்தார். வைஜி கையை நீட்டிப் பிடுங்காத குறையாக அதை வாங்கியிருக்கிறாள்.

திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை. பேயறைந்த மாதிரி முகம்.

"தர்மு, நான் டிவில வாயைக் குடுத்துட்டேன்டி."

நடந்ததை அவளே நடித்துக் காட்டினாள். பூனாவில் என்னம்மா குறை என்று அந்த மனிதர் கேட்டாராம். இவள், "குறை ஒண்ணும் இல்லை. எங்காத்துக்காரர் ரொம்ப நல்லவர். ஆனா ஆபீஸ்லேர்ந்து வந்தா வாயே திறக்க மாட்டார். அவரைப் பாத்தாலே எனக்குக் கண்டாளா வந்துடும்" என்றாளாம்.

"யாரு கண்டாளா? எதைக் கண்டாளா?" என்றாராம் அவர்.

"யாரும் ஒண்ணும் காணலை. தினம் சாயங்காலம் ஆனா கண்டாளா வரும்."

"தினமும் வருதா? உங்க வீட்டுக்காரர் இருக்கும்போதேவா வருது?"

"அவர் இருந்தாதான் வரும்!"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்ததாம். வைஜிக்கு ஏன் என்று புரியவில்லை. புரியாவிட்டால் பேசாமல் உட்கார வேண்டியதுதானே? நுணலும் தன் வாயால் கெடும். "என்ன சிரிப்பு? உங்காத்துல எல்லாம் கண்டாளாவே வரதில்லையா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். "வரச் சொல்லாதீங்கம்மா, என் சம்சாரம் விளக்குமாத்தோட நிப்பா!" என்றாராம் அந்த மனிதர். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, விடு" என்றேன்.

"சிரிப்பு கிடக்கட்டும்டி. ரயில்ல வரச்சேதான் எனக்கு உறைச்சுது. ஆத்துக்காரரைப் பாத்தாலே எனக்கு அலுப்பா இருக்குன்னு ஊரறியச் சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த மனுஷர் என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை. இதைப் பாத்தார்னா ஒண்ணும் சொல்ல மாட்டார். அதான்டி பயமா இருக்கு. ஒண்ணுமே சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சுப்பார்" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சாரிடம், ஷூட்டிங் போனேன், ஆனால் என் பேச்சை வெட்டிவிட்டார்கள் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள். சார் தலையாட்டினார்.

ஒளிபரப்பு மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் சொசைட்டிக்குக் கேபிளில் தமிழ்ச் சேனல் வந்துகொண்டிருந்தது. திட்டம் என்னுடையது, அதில் எனக்கு இன்றுவரை பெருமைதான். வைஜி சாரிடம் பையைக் கொடுத்துக் காய்கறி வாங்க அனுப்பினாள். ஒருவேளை சீக்கிரம் திரும்பிவிட்டால்? அதற்காக நான் கீழே மீட்டர் அறைக்குப் போய் மெயின் ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கட்டிடம் முழுக்கக் கரண்ட் இல்லை. புராண சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மராத்திக்காரர்கள் எல்லாரும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். சொசைட்டி செக்ரட்டரி குல்கர்ணி வேட்டியும் பனியனுமாக மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்தினேன்.

சார் ரொம்ப நேரம் கழித்து வந்தார். கையில் வெறும் பை.

"காய் எங்கேன்னா?" என்றாள் வைஜி.

"நன்னா இல்லை" என்றார்.

மார்கழிக் குளிரில் பச்சைப் பட்டாணி மலை மலையாகக் குவிந்து கிடக்கிற பூனாவில் காய் நன்றாக இல்லையாம். வைஜி அதை யோசிக்கும் நிலையில் இல்லை. கண்டம் தப்பியது என்று என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அடுத்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. சார் ஒரு பெரிய கலர் டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ரிமோட்டோடு! பழைய ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி பால்கனிக்குப் போய்த் துளசித் தொட்டிக்கு ஆசனமானது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் வைஜி பக்கத்தில் உட்கார்ந்து 'மாமியார் மெஸ்' பார்க்க ஆரம்பித்தார். அது ஒரு காமெடி சீரியல். ஒரு மாமியார் மெஸ் நடத்துவாள், மருமகன் சாப்பாட்டைக் குறை சொல்வான், சாம்பார் வாளி அவன் தலையில் கவிழும். வாரா வாரம் கவிழும். வைஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சார் இடித்த புளி மாதிரி திரையையே பார்ப்பார். முடிந்ததும், "முடிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

"உங்காளுக்குக் காமெடின்னா உயிரா இருக்கே, சிரிக்கத்தான் தெரியல" என்பேன் நான்.

"மனசுக்குள்ள சிரிக்கறார்டி" என்பாள் வைஜி.

'மாமியார் மெஸ்' போய் வேறொன்று வந்தது. அதுவும் போய் மாமியார்கள் விஷம் வைக்கிற அழுகை சீரியல்கள் வந்தன. பழையதெல்லாம் எல்லாருக்கும் மறந்துபோனது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படித்து அமெரிக்காவுக்குப் போனார்கள், சார் ரிட்டையர் ஆனார், எனக்கு முட்டி வலி வந்தது. அப்படியே இரண்டாயிரத்து ஏழும் வந்தது. கூடவே ஸ்ரீவத்சனும் வந்து சேர்ந்தான்.

கோயம்புத்தூர்ப் பையன், மூன்றாம் மாடியில் வாடகைக்கு வந்தவன், கம்ப்யூட்டர் கம்பெனி. மற்ற பையன்கள் எல்லாம் பைக் வாங்கினால் இவன் பழைய வீடியோ கேசட்டாக வாங்கிக் குவித்தான். எந்த ஊரில் எவர் வீட்டுப் பரணில் பழைய டிவி நிகழ்ச்சி பதிந்த கேசட் இருந்தாலும் தேடிப் பிடித்து, பூஞ்சையைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி டிவிடி ஆக்கிவிடுவான். "இதெல்லாம் பொக்கிஷமுங்க ஆன்ட்டி" என்பான். ஆன்ட்டியாம். அக்கா என்றால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் சொசைட்டி ஹாலில் படுதா கட்டிப் போட்டுக் காட்டத் தொடங்கினான். விஷ்ராந்த்வாடித் தமிழர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், சாங்வியிலிருந்து சாவித்ரி மாமி பஸ் பிடித்து வந்தாள். முதல் வாரமே 'மாமியார் மெஸ்'. அந்தக் காலத்தில் என்னமோ தேவலோகத்துக் காமெடி என்று நினைத்திருந்தோம். இப்போது பார்த்தால் கதவைச் சாத்தினால் சுவரே ஆடுகிறது. சாம்பார் வாளி கவிழும் முன்னாலேயே மருமகன் கண்ணை மூடிக்கொள்கிறான். அப்படியும் நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சார் முன் வரிசையில் இடித்த புளியாகவே இருந்தார்.

முடிந்ததும் ஸ்ரீவத்சன் எழுந்து நின்றான். "அடுத்த வாரம் சூப்பர் ஐட்டமுங்க. 'வாயாடலாம் வாங்க'ன்னு ஒரு டாக் ஷோ. சென்னைல ஒருத்தர் வீட்டுல கேசட் கிடைச்சுது. அதுல ஒரு பூனா மாமி பண்ற அலம்பல் இருக்கே, செம காமெடிங்க!"

நீளப் பின்னலும் ஒல்லி உடம்புமாக இருந்த அந்த மாமிதான் எதிரே நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாவம் அவனுக்குத் தெரியவில்லை. வைஜி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அவனிடம் சொல்லி நிறுத்தலாம் என்றேன். "சொன்னா ஏன்னு கேப்பான். நாலு பேர்ட்ட சொல்லிச் சிரிப்பான், அது இவர் காதுல விழும்" என்றாள். பன்னிரண்டு வருஷமாகக் காப்பாற்றிய பொய் அவளுக்கு. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, பழைய மருந்துதான் என்று முடிவு செய்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வைஜி பையை எடுத்து நீட்டினாள். "ஏன்னா, சித்த காய் வாங்கிண்டு வாங்கோளேன்."

"இன்னிக்குக் காய் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு சார் நேராக ஹாலுக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

நான் முட்டி வலியோடு மீட்டர் அறைக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினேன். வெற்றியோடு ஹாலுக்கு வந்தால், படுதாவில் கோட்டுக்காரர் ஜம்மென்று பேசிக்கொண்டிருக்கிறார்! பாழாய்ப்போன குல்கர்ணி போன மாதம் ஹாலுக்கு இன்வர்ட்டர் வாங்கிப் போட்டிருந்தார்.

வைஜி படுதாவில் வந்தாள். "அவரைப் பாத்தாலே எனக்குக் கண்டாளா வந்துடும்" என்றாள். "யாரு கண்டாளா? எதைக் கண்டாளா?" என்றார் கோட்டுக்காரர். டிவிக்குள்ளே அரங்கம் வெடித்துச் சிரித்தது. ஸ்ரீவத்சன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

ஹாலில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீவத்சன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். சாவித்ரி மாமி அவனிடம் கோபமாகவே கேட்டாள். "இதுல என்னடாப்பா சிரிப்பு? கண்டாளா வரதுன்னு அழமாட்டாத குறையாச் சொல்றா, அந்தக் கடங்காரன் கேலி பண்றான். பேசாத ஆம்படையானோட இருந்தா கண்டாளா வராம பின்னே என்ன வரும்?"

ஆமாம், ஆமாம் என்று நாலா பக்கமும் தலைகள் ஆடின. எல்லாரும் பூனாக்காரர்கள் அல்லவா? வைஜி சொன்னது அவர்களுக்குச் சுத்தத் தமிழாகப் புரிந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பையனுக்குத்தான் புரியவில்லை. புரிந்தவர்கள் அடுத்தபடியாக என்ன செய்வார்கள்? அந்தப் பேசாத ஆம்படையானைத் திரும்பிப் பார்த்தார்கள். வைஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகாதேவன் சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கும்தான் கண்டாளா வந்துது" என்றார். "யாராவது மைக் குடுத்தாளா?"

ஹால் அதிர்ந்தது. சாவித்ரி மாமிக்குப் புரையேறிவிட்டது. வைஜி மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா? எப்போ பாத்தேள்?"

"அன்னிக்கேதான். சௌக் முனைல சின்னதுரை இட்லிக் கடை டிவில ஓடித்து. பாத்துண்டே நின்னேன், காய் வாங்க மறந்துட்டேன்."

"பின்னே ஏன்னா என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"என்னத்தைக் கேக்க? நீ சொன்னது நிஜம்தானே. எனக்குப் பேச வரலை. டிவின்னா வாங்க முடியும், வாங்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த மாமியார் மெஸ் இருக்கே, எனக்கு மகா கண்டாளா. நீ சிரிப்பியேன்னு உக்காண்டிருந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கையில் ஃபியூஸ். எதிரே குல்கர்ணி. அவர் ஃபியூஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் மராத்தியில் கத்தியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் ஹாலுக்கு வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வைஜி பாதிக் கதவைத் திறந்தாள். டிவி அணைந்து கிடந்தது. உள்ளே சார் நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீசில் ஒரு பென்ஷன் பைல் ஜபல்பூருக்குப் போய் வழி தவறித் திரும்பிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கார்த்தாலேர்ந்து இதே பைல்தான்டி தர்மு. இன்னும் ஜபல்பூரைத் தாண்டலை" என்று கிசுகிசுத்தாள் வைஜி. "ஒரே கண்டாளா."

"நான் உள்ள வந்து பேச்சை மாத்தவா?" என்றேன்.

"வாயை மூடிண்டு உங்காத்துக்குப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.