நாலாஞ்சடங்குக்குப் போன ஐஸ்கட்டி

என் தம்பி விசுவமடுவில் பெண் எடுத்தான். பெண் வீட்டார் மலையகத்திலிருந்து வந்து, வன்னியில் காடு வெட்டி வயல் செய்த சைவ சமயத்தவர். நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் செய்யும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்தின் நாலாம் நாள் நடக்கும் நாலாஞ்சடங்குக்குப் பெண் வீட்டில் மச்சச் சாப்பாடு. அதற்கு வேண்டிய மீன் முழுவதும் எங்கள் பொறுப்பு என்று அப்பா எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

பெண்ணின் பெரியம்மா சிரித்தார். "இந்த வெயில்ல அம்புட்டுத் தூரம் வந்தா மீனு நாறிடாதுங்களா?"

"நாறாது," என்றேன் நான். கரையில் மீன் வாடிக் கொட்டிலில் பல வருடமாக ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுகிறவள் நான். அந்த வார்த்தை என் வேலையின் மேல் விழுந்ததாகவே எனக்குப் பட்டது.

நாலாஞ்சடங்கு அன்று காலை கரைக்கு வந்த பாரையும் விளைமீனும் துள்ளிக்கொண்டிருந்தன. ஐஸை நீளக் கட்டியாக வாங்கி வந்தோம். சித்தப்பா கோடரியைத் திருப்பிப் பிடித்து, முழுவதையும் நொறுக்கத் தயாரானார்.

"தூளாக்கிப் போடுவம் பிள்ளை. மீன் கெதியாக் குளிரும்."

"ஓம் சித்தப்பா, ஐஸும் கெதியா உருகிப்போம். பாதியை உடையுங்கோ. மற்றப் பாதி கட்டியாவே கிடக்கட்டும்."

சின்னத் துண்டுக்கு எல்லாப் பக்கமும் சூடு பிடிக்கும். பெரிய கட்டி வெளியிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாகத்தான் கரையும். உடைத்ததை மீன்களின் இடுக்குகளில் நிரப்பி, கட்டியை மேலே வைத்தேன். ஐஸ்கிறீம் வாளிக்குப் போடுவதுபோல சித்தப்பா ஒரு கை உப்பு அள்ளி வந்தார். உப்புப் பட்டால் குளிர் கூடும்தான். ஆனால் ஐஸ் நிற்காது. உப்பை வாங்கிக் குசினியில் வைத்துவிட்டு வந்து மூடியை இறுக்கினேன்.

புதுக்குடியிருப்பு தாண்டி, வீடு வாசல் இல்லாத இடத்தில் எங்கள் சின்ன லொறி புகை கக்கி நின்றது. உச்சி வெயில். பெட்டியை மூடியிருந்த கறுப்புத் தறப்பாளைத் தொட்டேன், கை சுட்டது. அதை இழுத்தெறிந்துவிட்டு, எல்லோருமாகப் பெட்டியைத் தூக்கி ஒரு பாலைமரத்தின் கீழ் வைத்தோம். சாக்குகளை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து மேலே போர்த்தினேன். காற்று வீச வீச ஈரச் சாக்கு குளிர்ந்தது.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னோம். காத்திருக்கும்போது பெட்டியின் ஓட்டையால் தண்ணீர் ஒழுகுவதை அப்பா கண்டுவிட்டார்.

"எல்லாம் போச்சுது போல. ஒருக்காத் திறந்து பாப்பமே?"

"திறந்தா வெக்கை உள்ளுக்குப் போயிடும் அப்பா."

"சும்மா ஒரு கண் பாத்திட்டு மூடுவம்."

நான் ஏறி மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கல்யாண வீட்டுச் சேலையோடு, மீன் பெட்டிக்கு மேல், றோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க. அப்பா கோபித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். ஐஸ் நிற்குமா என்று எனக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் எழும்பவில்லை.

கடைசியில் பெண்ணின் தகப்பனே டிராக்டரோடு வந்தார். டிராக்டரின் பின்பெட்டித் தட்டு நிறைய வைக்கோல் பரப்பியிருந்தார்.

"வெறும் தகரம் கொதிக்குதும்மா. வைக்கோலுக்கு மேல வச்சா அடிச்சூடு ஏறாது," என்றார். அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பெண் வீட்டு முற்றத்தில் சனம் கூடிவிட்டது. மூடியைத் திறந்தேன். உடைத்துப் போட்ட ஐஸ் பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆனால் கட்டி, ஒரு பூசணிக்காயளவு, மீன்களின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. பெரியம்மா குனிந்து ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரத்தச் சிவப்பு. கண்கள் பளிங்காக இருந்தன.

அவர் நிமிர்ந்து பின்வளவைப் பார்த்துக் கூப்பிட்டார். "அந்தக் கோழிங்களத் தொறந்து விடுங்கப்பா! அதுங்களுக்கு ஆயுசு கெட்டி!"

கடல் மீனை நம்பாமல் கோழிகளை அடைத்து வைத்திருந்த கதை அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பந்தியில் அப்பா சம்பந்தியின் பக்கத்தில் இருந்தார். நான் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டு போனேன். மீன் இவ்வளவு ருசியாக இருக்கிறதே எப்படி என்று யாரோ கேட்டதற்கு, அப்பா தான் பிடித்த மீனைப் பற்றியோ தன் வள்ளத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"ஐஸ் கட்டினது என்ர மூத்தவள். நான் திறக்கச் சொல்லியும் அவா விடேல்லை," என்றார்.

என்னை அப்பா 'அவள்' என்னாமல் மரியாதையாக 'அவா' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குழம்புச் சட்டியோடு அடுத்த இலைக்குப் போனேன். நிமிர்ந்துதான் போனேன்.