சாப்பிட்டுவிட்டு வந்தவர்

பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தால் கார்த்திகேசனின் வலது கால் சும்மா இருக்காது. வளைவு வந்தால் தரையை அழுத்தும். முன்னால் மாடு குறுக்கிட்டால் இன்னும் பலமாக அழுத்தும். பக்கத்து ஆளின் செருப்பு மிதிபட்டு, "யோவ்!" என்று சத்தம் வந்த பிறகுதான் அங்கே பிரேக் இல்லை என்பது அவருக்கு உறைக்கும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர். வீடு கடலூர் முதுநகரில். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டிருப்பார். மகள் கல்யாணத்தன்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனையும் அவரேதான் ஓட்டினார். ரயிலில் போனால் தூங்க மாட்டார். "ஓட்டறவன் யாரோ எவனோ. நாம முழிச்சிருந்தா ஒரு தெம்பு" என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பிடுங்க விட்டவர்.

இடது கன்னத்தில் எந்நேரமும் ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூள் ஒதுங்கியிருக்கும். ஆலப்பாக்கம் தாண்டியதும் வைப்பார், முட்லூரில் துப்புவார். அந்த இடத்தில்தான் புண் வந்தது. முதலில் காரம் எரிந்தது. அப்புறம் வாய் திறப்பது குறைந்துபோய், இட்லியைப் பிட்டுப் பிட்டுத் திணிக்க வேண்டியதாயிற்று. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார். சதையை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய்தான் என்றார் சர்ஜன். இப்போதைக்குக் கன்னத்தோடு நிற்கிறது, சீக்கிரம் எடுத்துவிட்டால் தாடை எலும்பு தப்பும் என்றும் சொன்னார்.

கார்த்திகேசன் அதற்கு அசரவில்லை. வெட்டுவதென்றால் வெட்டட்டும். அவரை அசைத்தது, மயக்க மருந்து டாக்டர் மோகனப்பிரியா ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தை.

"ஊசி போட்டதும் தூங்கிடுவீங்க. ஆபரேஷன் முடியிற வரைக்கும் மிஷின்தான் உங்களுக்கு மூச்சு குடுக்கும்."

"அப்ப நானா மூச்சு விட மாட்டனா?"

"நீங்க எதுவுமே செய்ய வேணாம். எல்லாத்தையும் நாங்க பாத்துக்குவோம்."

எதுவுமே செய்ய வேண்டாம். அன்றிலிருந்து அவர் படுத்தால் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தார். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இதைக்கூடவா இன்னொருத்தர் கையில் கொடுப்பது? மனைவி குணசுந்தரி "என்னா யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, டயர் தேஞ்சிருக்கு, மொதலாளிகிட்ட சொல்லணும்" என்பார்.

ஆபரேஷன் நாள் வந்தது. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று நர்ஸ் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருந்தாள். விடிந்ததும் குணசுந்தரி குளிக்கப் போனாள். கார்த்திகேசன் படியிறங்கி, கேட்டுக்கு வெளியே இருந்த கடையில் இட்லி வாங்கினார். பசியே இல்லை. வலித்த கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளினார். மேலே ஒரு டீயும் குடித்தார். தியேட்டர் வாசலில் மோகனப்பிரியா, "ஏதாவது சாப்ட்டீங்களா?" என்று கேட்டு முடிப்பதற்குள், "சாப்ட்டேம்மா. இட்லி, டீ" என்று பதில் வந்துவிட்டது.

மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று அவள் திட்டினாள். அத்தனை திட்டையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். மார்பிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியிருந்தது.

குணசுந்தரியிடம், "மிஷின் ரிப்பேராம். அப்புறம் வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

அவள் அதை அப்படியே நம்பினாள். தம்பி செந்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரியை வாயார வைதாள். அவன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னான். அடுத்த தேதிக்கு, மாற்று டிரைவர் இல்லை என்று சொல்லி கார்த்திகேசன் வண்டி எடுக்கப் போய்விட்டார். அதற்கடுத்து தேதி கேட்கவே போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வரை நோய் பின்னால் எங்கோ வருகிற மாதிரிதான் இருந்தது. வலி காதுவரை ஏறி, கஞ்சிகூட இறங்காத நாளில்தான் குணசுந்தரி அவரை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள்.

புது ஸ்கேனைப் பார்த்த சர்ஜன் பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, எலும்பில் ஏறிவிட்டது, இடது பக்கக் கீழ்த்தாடையை எடுத்தாக வேண்டும் என்றார். முன்பே செய்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அதை முடிக்காமல் விட்டார்.

வெளியே வராண்டாவில் மோகனப்பிரியா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "இந்த வாட்டியும் இட்லி சாப்ட்டுட்டு வந்துடாதீங்க சார்."

குணசுந்தரி டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். புதுச்சத்திரம் போயிற்று, ஆலப்பாக்கம் போயிற்று. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று கார்த்திகேசன் அவளுடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதுநகரில் இறங்கி நடக்கும்போது அவராகத்தான் சொன்னார்: "பயந்துட்டன் குணா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. நின்றுவிட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல மாமா? நான் மட்டும் என்னா தைரியமாவா இருந்தேன்? ஒருத்தர ஒருத்தர் புடிச்சிகிட்டாவது பயந்திருக்கலாமே."

தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். அவள் கடந்து போகும்வரை இரண்டு பேரும் வாய்க்கால் ஓரம் நின்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மோகனப்பிரியா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குணசுந்தரி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"எதுவும் செய்ய வேணாம்னு நான் சொன்னதுதான் தப்பாப் போச்சா சார்?"

"தப்பில்லம்மா. எனக்கு அப்பிடி இருந்து பழக்கமில்ல." வாயைப் பாதி மட்டுமே திறக்க முடிந்ததால் வார்த்தைகள் கசங்கி வந்தன. "நான் தூங்கினப்புறம் நீங்க எங்க இருப்பீங்க?"

"உங்க தலமாட்டுலதான்."

"முடியிற வரைக்குமா?"

அவள் உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. "பெரிய ஆபரேஷன் சார். நடுவுல வேற டாக்டர் வந்து என்னை மாத்திவிடலாம். ஆனா அவுங்க வந்து உக்காந்து, எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கிட்டப்புறம்தான் நான் எழுந்திருப்பேன். ஒரு நிமிஷம்கூட அந்த எடம் காலியா இருக்காது."

கார்த்திகேசன் யோசித்தார். "சரி," என்றார். "இத மொதல்லயே கேட்டிருக்கணும் நான்."

மறுநாள் தியேட்டர் வாசல்வரை குணசுந்தரியை வரவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் விரலைப் பிடித்திருந்தார். "பயமா இருக்கு" என்றார். "எனக்கும்" என்றாள். கதவு திறந்ததும் அவராகவே விரலை விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் முகம் பழைய முகமாக இல்லை. இடது தாடை இருந்த இடம் உள்வாங்கியிருந்தது. மூக்கில் சாப்பாட்டுக் குழாய், கழுத்தில் மூச்சுக்குழாய், பேச்சு வராது. இனி மென்று சாப்பிடுவதும் முன்போல முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு செந்தமிழ்செல்வன் வந்தான். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. கலங்கினது வெளியே தெரியாமலிருக்கக் கோபப்பட்டான்.

"இவுனுங்கள சும்மா விடக் கூடாதுக்கா! மிஷின் ரிப்பேருன்னு திருப்பி அனுப்பாம அன்னிக்கே செஞ்சிருந்தா மச்சானுக்கு இந்தக் கதி வந்திருக்குமா? எவன் பண்ண தப்புக்கு எவன் அனுபவிக்கறது?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குணசுந்தரி பால் டம்ளரை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "வுடுடா, நடந்தது நடந்துபோச்சு" என்று மட்டும் சொன்னாள்.

கட்டில் சட்டத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. செந்தமிழ்செல்வன் திரும்பினான். கார்த்திகேசன் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை மெல்லத் தூக்கினார். குழாய் இழுபட்டது, குணசுந்தரி தடுக்கப் போனாள். அவளை விலக்கிவிட்டு, மச்சினனின் கண்ணை நேராகப் பார்த்தபடி, ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.