வாரேன் என்றால்

கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியபோது எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. கணவர் சவூதியில் வேலைக்குப் போன இடத்தில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

கூடப் படிக்கும் பிள்ளைகளோடு ஒட்டத் தெரியாத பிள்ளைகளுக்குப் பேசிப் பழகச் சொல்லித்தருவதுதான் என் வேலை. கீழக்கரைக்குப் பக்கத்துப் பள்ளி. அந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். "சாப்ட்டியா?" என்று யாராவது கேட்டால் ரசத்தில் மிதந்த கறிவேப்பிலை வரைக்கும் சொல்வாள். கேட்டவள் அதற்குள் கை கழுவப் போயிருப்பாள். "சாப்ட்டேன், நீ?" என்றால் போதும், திருப்பிக் கேட்பதுதான் முக்கியம் என்று பழக்கினேன். அப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவளுக்குச் சிநேகிதியானாள். கிளம்பும்போது போறேன் என்று சொல்லக்கூடாது, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அந்தச் சிநேகிதி குடும்பத்தோடு துபாய்க்குப் போய்விட்டாள். கடைசி நாள் இவளிடம் "வாரேன்டி" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து இவள் சிநேகிதி உட்கார்ந்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உட்கார வந்தவர்களைத் தள்ளினாள். ஒருத்திக்கு உதடு கிழிந்தது. இன்னொரு புகார் வந்தால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அவளைத் தனியாக அழைத்துப் பேசினேன். பாடம் நடத்தும் குரலில்தான் பேசினேன். அப்போது என்னிடம் வேறு குரல் இல்லை.

"அவ இனிமே வரமாட்டா. வாரேன்னா போறேன்னுதான் அர்த்தம்."

"அப்ப, திரும்பி வாரவுக என்ன சொல்லுவாக?"

"அவுகளும் வாரேன்னுதான் சொல்லுவாக."

"எது எதுன்னு எப்பிடித் தெரியும் மிஸ்?"

மதுரை விமான நிலைய வாசலில், பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியைப் பிடித்தபடி என் கணவர் சொன்னதும் அந்தச் சொல்தான். சரி என்று தலையாட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

 அவள் வகுப்புக்குப் போய்ப் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். மத்தியானம் அந்த இடத்தில் உதடு கிழிந்தவளே வந்து உட்கார்ந்தாள். இவள் தள்ளவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் இவள் அவளிடம், "போறேன். நாளைக்குக் காலையில வருவேன்" என்றாள்.

"போறேன்னு சொல்லாதடி. வாரேன்னு சொல்லு."

இரண்டு பேரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள்.

"அவ சொன்னதே இருக்கட்டும்" என்றேன்.

வாசல் வரை போனவள் ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். திருப்பிக் கேட்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன் அல்லவா.

"நீங்க, மிஸ்?"

"போறேன்" என்றேன். இன்ஷா அல்லாஹ்வை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொன்னால் அதற்கும் அர்த்தம் கேட்பாள். "நாளைக்குக் காலையில..."

வருவேன் என்ற சொல் வரவில்லை. அத்தனை மாதமும் வராத அழுகை வந்துவிட்டது. அவள் பையை மாட்டியபடி, நான் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள்.