படத்தில் இருப்பது யாருடைய தலை?

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து சேற்றில் நண்டு ஓடிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ‘ல’வும் ‘ள’வும் நினைத்த இடத்தில் வந்து குந்தும். ஒவ்வொரு கிழமையும் அவற்றைத் திருத்தி அச்சில் ஏற்றுகிறவர்களே, இந்தக் கிழமை இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வயலால் வந்த கையோடு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்... என் அண்ணனின் தலை யாருடையது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்துவிட்டது.

ஆடி மாதம் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில்தான் ஸ்கேன். அண்ணனை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளி, பாண் ரொட்டி வெட்டுகிற மாதிரித் தலையைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினார். இரத்தக் குழாய் அடைபட்டு அந்த இடம் செத்துவிட்டதாம். இடது மூளைதான் வலது பக்கத்தை ஆட்டுவிக்கிறது என்றும் சொன்னார்.

“நடப்பார். கதையும் மெல்ல மெல்ல வரும். ஆனால் வலது கை பழையபடி வருமெண்டு நம்பியிருக்காதேங்கோ.”

ஒரு படத்தைப் பார்த்து வருங்காலத்தைச் சொல்ல முடியுமா? கேட்க ஆசைதான். வெட்கம் விடவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். எந்த ஊரின் வரைபடமோ என்று யோசித்திருப்பான். நான் அண்ணனின் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவன் பயந்துபோய்ப் படத்தைத் திருப்பித் தந்துவிட்டான்.

வீட்டில் அண்ணி அதை முன் ஜன்னலில் தொங்கவிட்டார். சுகம் விசாரிக்க வந்தவர்கள் அண்ணனைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள். “இவ்வளவு மூளையை வச்சுக்கொண்டோ மனுசன் உந்த உடைஞ்ச தண்ணி மிசினை வாங்கினவர்?” என்று ஒருவர் கேட்டார். அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும்... பாவம்.

இதற்குள் காலபோக விதைப்பு வந்துவிட்டது. அண்ணனின் வயலில் அண்ணன் கையால்தான் விதை விழும். வேறு யாராவது வீசினால், “கோழிக்குப் போடுறியோ?” என்பார். இந்த முறை என்ன செய்வது? டாக்டரின் சொல்லை நம்பி, வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதாக அண்ணி அயலவருக்குச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அன்று சோறும் இறங்கவில்லை.

போன கிழமை சைக்கிள் கடை ராசையா அண்ணை வந்தார். எங்கள் ஒழுங்கைச் சனத்துக்குள் இங்கிலீசு என்றால் அவர்தான். கறுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தில் விரலை வைத்தார்.

“இது எல். இடது பெடலிலை அடிச்சிருக்கிற அதே எல். அப்ப பழுது இடப் பக்கம். இவருக்கு விழுந்தது எந்தக் கை?”

“வலக் கை, அண்ணை” என்றார் அண்ணி.

“பிள்ளை, படம் மாறிப்போச்சு! இது வேறை ஆரோ ஒருத்தன்ரை தலை!”

“ஐயோ முருகா! நான் அப்பவே நினைச்சனான், இவரின்ரை தலை உப்பிடி நீளமில்லை!”

படம் மாறினால் டாக்டரின் சொல்லும் வேறு யாருக்கோதானே? கை வந்துவிடும்! குத்தகையை மறிக்க அண்ணி செருப்பை மாட்டினார். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. யாரோ ஒரு அந்நியனுக்குக் கை வராமல் போகப்போகிறதே என்று கொஞ்ச நேரம் பரிதாபமும் பட்டார்கள்.

இடது மூளைக் கதையைக் கேட்டவன் நான் ஒருவன்தான். சொல்லாமல் விட்டால், அண்ணன் வராத கைக்குக் காத்திருந்தே போகத்தைத் தொலைப்பார். சொல்லலாம் என்றால்... நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை.

“படம் மாறேல்லை... இடது மூளைதான் வலது கையை ஆட்டுறதாம். டாக்டர் சொன்னவர்” என்றேன்.

“ஓமோம்” என்று சிரித்தார் ராசையா அண்ணை. “இடக் காலிலை நுளம்பு கடிச்சால், நீ வலக் காலைச் சொறி!”

“இடது பெடலை மிதிச்சால் வலது பெடல்தானே மேலை எழும்புது, ராசையண்ணை?”

எப்படித்தான் என் வாயில் வந்ததோ! மூளைக்கும் பெடலுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் தெரியாது. ஆனால் பெடல் என்ற பிறகு ராசையா அண்ணையால் மறுக்க முடியவில்லை.

அண்ணியின் முகம் விழுந்தது. “அப்ப... இது இவரின்ரை தலைதானோ, தம்பி?”

பதில் கட்டிலில் இருந்து வந்தது.

“என்...ரை... தலை.”

அண்ணன்! எழுந்து இருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் கதைத்த முதல் கதை அது. நாங்கள் வாய் மூடுவதற்குள் அடுத்ததும் வந்தது — “வயல்... நான்.”

அண்ணி செருப்பைக் கழற்றவில்லை. குத்தகை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இன்று காலை விதைப்பு. என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வரம்பால் நடந்து வந்தார். வலது கை தொங்கியபடியே கிடந்தது; டாக்டர் சொன்னது சரி. நான் பெட்டியை நீட்டினேன். அண்ணன் இடது கையால் நெல்லை அள்ளினார். முதல் வீச்சு என் முகத்தில். இரண்டாவது, பார்க்க வந்த ராசையா அண்ணையின் சைக்கிளில். “ஐயோ, சில்லுக்குள்ளை நெல் முளைக்கப்போகுது!” என்று அவர் கத்த, அண்ணன் ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு வீசினார்... வீசினார்... வெயில் ஏறுவதற்குள் முதல் துண்டு வயலை முழுக்க விதைத்துவிட்டார். மிச்சத்தை நான் வீச, வரம்பில் இருந்து பிழை பிடித்தார்.

படம் பொய் சொல்லவில்லை. வலது கையைப் பற்றிக் கேட்டோம், வலது கையைப் பற்றிச் சொன்னது. இடது கையைப் பற்றி யாராவது கேட்டோமா?

22 ஒக்டோபர் 1994