ரிபன் வெட்டாத கழிவறை

காலையில் உச்சமுனையிலிருந்து படகில் வந்து இறங்கியபோதே எனக்கு அவசரம். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

புதிய பொதுக் கழிவறை பளபளவென்று நின்றது. வாசலில் சிவப்பு ரிபன். எதிரே வெள்ளைத் துணி போர்த்திய நான்கு கதிரைகளில் பௌத்த ஹாமதுரு, குருக்கள், மௌலவி, ஃபாதர்.

பொறுப்பாக நின்ற உத்தியோகத்தரிடம், "தம்பி, ஒருக்கா போய்ட்டு வரட்டா?" என்றேன்.

"ஐயோ ராத்தா, மினிஸ்டர் வந்து ரிபன் வெட்டாம ஒருத்தரும் போகேலாது."

"நாலு மதத்து ஆசீர்வாதமும் முடிஞ்சிதானே?"

"ஓம், அது ஒம்பது மணிக்கே முடிஞ்சி. பொறகு அவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு செவ்விளநீரும் குடுத்தாச்சி."

அப்போது மணி பதினொன்று. நால்வரின் கண்ணும் அந்த ஒரே கதவில்தான் இருந்தது. இந்த நாட்டில் நான்கு மதங்களும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு திசையைப் பார்த்து நான் கண்டதில்லை.

கடைசியில் மௌலவி எழுந்து போய் ரிபனைத் தூக்கிப் பிடித்தார். ஃபாதர் குனிந்து உள்ளே போனார். ஃபாதர் திரும்பி வந்து பிடிக்க, ஹாமதுரு போனார். இப்படியே நால்வரும் முடித்தார்கள்.

"நீங்களும் போங்க மகள்" என்று ஃபாதர் எனக்கும் பிடித்தார்.

பன்னிரண்டுக்கு வந்த அமைச்சர் ரிபனை வெட்டி, "யாருடைய காலும் படாத இந்தக் கட்டடத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்றார். தரையெல்லாம் ஈரம். நால்வரும் கை தட்டினார்கள்.

உங்கள் ஊரிலும் திறப்பு விழாவுக்குக் காத்துக் கிடக்கும் கட்டடம் இருந்தால் கொமண்டில் போடுங்கள். எட்டுச் செவ்விளநீர் இருந்தால் போதும்.